புழுவும் தங்காத மண்

இதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாசத்தில் ஆரம்பித்தது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தால் எங்கள் ஊர். ஊர் வருவதற்கு முன்பே எங்கள் நிலம் வந்துவிடும். பெரிய நிலம் ஒன்றுமில்லை, அரைக் காணிதான். அதில் வாய்க்காலை ஒட்டிய மூலையில்தான் என் மகளைப் புதைத்திருக்கிறார்கள். நான் சொல்லப் போவது அந்த மூலையில் நடந்தது. ஐயோ பாவம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், முழுக்கக் கேளுங்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும்.

வயிற்றுப் பிள்ளைக்குப் பத்து மாசம் முழுசாவதற்குள் எனக்குப் பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். நான் கண் முழித்தபோது குழந்தை வேறொரு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எழுந்து உட்கார எனக்குத் தெம்பு வருவதற்குள் அது போய்விட்டது. பெண் குழந்தை என்று நர்ஸம்மா சொன்னார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முகம் தெரியாது, நிறம் தெரியாது, தலையில் முடி இருந்ததா என்றுகூடத் தெரியாது.

என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும்தான் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோய் எங்கள் நிலத்திலேயே புதைத்தார்கள். எங்கள் பக்கத்தில் புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் போவதில்லை, பெற்றவளாக இருந்தாலும் சரி. நான்தான் அப்போது கட்டிலில் கிடந்தேனே, போகிறேன் என்று சண்டை போடவும் வழியில்லை.

என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். நாள் முழுக்க அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து பேச்சே குறைந்துபோன மனுஷன். நான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"பாப்பா எப்டி இருந்துச்சி? யாரு ஜாடை? சொல்லுய்யா."

உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அழுது கேட்டேன், திட்டிக் கேட்டேன், அவர் அம்மாவை விட்டும் கேட்டேன். கல்லில் நார் உரிக்க முடியுமா? அவர் தம்பி பார்த்தது துணியில் சுற்றிய உடம்பைத்தான், என் குழந்தையின் முகத்தைப் பார்த்த ஆள் எங்கள் வீட்டில் இவர் ஒருத்தர்தான், அதையும் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டார் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அதன் பிறகு சோறு போடவா, போதுமா என்பதோடு எங்கள் பேச்சு நின்றுபோனது.

உடம்பு தேறியதும், பெண்கள் போகக் கூடாது என்பதையெல்லாம் பார்க்காமல், உத்திரமேரூர் சந்தைக்குப் போய் ஒரு குண்டுமல்லிச் செடி வாங்கி வந்து அந்த மூலையில் வைத்தேன். பெண் பிள்ளைக்குப் பூ வேண்டாமா? வேறு காரணம் ஒன்றும் கிடையாது. சுற்றிலும் நெல் பச்சைப்பசேலென்று நின்றது. என் மல்லி மட்டும் இலை ஓரமெல்லாம் பழுப்பாகி, விளக்கில் காட்டி எடுத்த மாதிரி கருகி, சில வாரத்திலேயே குச்சியானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். இன்னொன்று வாங்கி வைத்து, குடம் குடமாக ஊற்றினேன். அதுவும் அப்படியே கருகியது.

என் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் மனசில் தோன்றியதைச் சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கும் உண்டு. காய்ந்த குச்சியோடு நான் வீட்டுக்கு வந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அங்க வைக்காதமே. கொயந்த கோவமா கீது. வாயில ஒரு சொட்டுப் பாலு எறங்காம பூடுச்சி இல்ல? அதான் நீ எத வச்சாலும் வாங்கிக்க மாட்டேங்குது."

அந்தப் பாலைப் பற்றி நான் என்ன சொல்ல? குழந்தை போன பிறகும் எனக்குச் சுரந்துகொண்டுதான் இருந்தது. ஜாக்கெட்டெல்லாம் நனையும். கட்டிக்கொண்டு வலியில் துடித்துப் பிழிந்து பிழிந்து கீழே ஊற்றியிருக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள்ளே எதுவோ அறுந்துவிட்டது. மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு தம்ளர் பசும்பாலைக் கொண்டுபோய் அந்த மண்ணில் ஊற்றினேன். குடிம்மா, கோவப்படாதே என்று சொன்னேன்.

அந்த மூலையில் ஒரு செடி பிழைத்தால் என் பொண்ணு என்னை மன்னித்துவிட்டாள், பிழைக்காவிட்டால் என்னை வேண்டாம் என்கிறாள். இதுதான் எனக்கு அப்போதிருந்த கணக்கு. பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். என் இடத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகளிர் குழுவில் மண்புழு உரம் தயாரிக்க ஆரம்பித்தோம். வேளாண்மை ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து கற்றுக்கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை, அதற்குள் சிமெண்ட் தொட்டி, சாணி, காய்ந்த இலை, வாழைத்தண்டு, புழு. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். காலையிலும் சாயந்திரமும் தண்ணீர் தெளிப்பேன், கோணி போட்டு மூடுவேன், எறும்பு வருகிறதா என்று பார்ப்பேன். குழுவில் இருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

"தோ வந்துட்டாங்கப்பா புழு டாக்டரு! ஊசி போட்டியா? டானிக் குடுத்தியா?"

"உனுக்குத்தான் மொதல்ல ஊசி போடணும், வாயில" என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் கொட்டகையில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் உரம் டீத்தூள் மாதிரி கறுப்பாக, பொலபொலவென்று விழுந்தது. கையில் அள்ளி முகர்ந்தால் மழை பெய்த மண்ணின் வாசனை. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த மூலை ஞாபகம்தான் வந்தது. என் பங்கு உரத்தை எடுத்துக்கொண்டு, இன்னொரு மல்லியும் வாங்கிக்கொண்டு போனேன். போகும்போது தொட்டியிலிருந்து இரண்டு கை புழுவையும் அள்ளிக்கொண்டேன். உரத்தோடு புழுவைப் போடச் சொல்லி எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தனியாகக் கிடக்கிறாளே, கூட நாலு உயிர் இருக்கட்டுமே என்று தோன்றியது. குழியில் உரம் போட்டு, செடி வைத்து, புழுவைச் சுற்றிலும் விட்டு, மண் தள்ளி, தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் போய்ப் பார்த்தால் புழுவெல்லாம் வெளியே கிடந்தது. பாதி செத்துச் சுருண்டிருந்தது. மீதி அந்த இடத்தை விட்டு வரப்பு மேலே ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் செத்துப்போகும் என்று தெரிந்தும் நிழல் மண்ணை விட்டுவிட்டு வெயிலைப் பார்த்துப் போகிறது!

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். செடி வேண்டாம், பால் வேண்டாம், புழுகூட வேண்டாமா உனக்கு? இந்தப் பாழாய்ப்போன புழுகூட உன் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்கிறதே? சத்தம் போட்டே அழுதேன். தூரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

அழுது ஓய்ந்து, மிச்சம் உயிரோடு இருந்த புழுக்களையாவது காப்பாற்றலாம் என்று முந்தானையில் பொறுக்கினேன். பொறுக்கும்போதுதான் சட்டென்று ஒன்று உறைத்தது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கொட்டகையில் ஒருநாள் எங்கள் குழுக்காரி ஒருத்தி, எல்லாம் மக்குகிற சாமான்தானே என்று வீட்டில் மீந்த கருவாட்டுக் குழம்பைத் தொட்டியில் கொட்டிவிட்டாள். மறுநாள் அந்தப் பக்கத்துப் புழுவெல்லாம் இப்படித்தான் தொட்டிச் சுவரில் ஏறி வெளியே விழுந்து கிடந்தது. அவளை நாங்கள் வைத வசவு இன்னும் கொட்டகையில் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பு பட்டால் புழு தாங்காது என்று மேடம் அன்றைக்குத்தான் சொன்னார்.

செடியைச் சுற்றியிருந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். என் பொண்ணுக்கு மேலே இருந்த மண் அது. உப்பு! சும்மா லேசாக இல்லை, கடல் தண்ணீர் மாதிரி கரித்தது. பத்தடி தள்ளிப் போய் வயல் மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். அதில் ஒன்றும் இல்லை.

அப்புறம் எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! எவளோ வேண்டுமென்றே உப்பைக் கொட்டியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. என் செடி பிழைக்கக் கூடாதென்று நினைக்கிறது யார்? அங்கே வைக்காதே வைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தது யார்? முந்தானையில் புழுவோடு வீடு வரைக்கும் ஓடினேன். மாமியார் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"நீதான அத்த கொட்டுன? உப்ப நீதான கொட்டுன?"

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"அடிப் பாவி! நானா? எம் பேத்தி மேலயா நான் உப்பக் கொட்டுவேன்? எனுக்கு வலிக்காதா? உனுக்கு மட்டுந்தான் வலிக்கும்னு நெனச்சிக்கினு கீறியா?"

நாங்கள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து டிராக்டர் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் நாஷ்டாவுக்கு வந்திருந்தார். இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எங்கள் சண்டையைக் கேட்டார். பிறகு இறங்கி வந்து நடுவில் நின்றார்.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாத. நான்தான்மே போட்டேன்."

அவர் பிறகு சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"சின்னக் கொயந்தய பொதைக்கிறப்ப உப்பு போடுவாங்க. ஒரு புடி போட்டா போதும்னாங்க. எனுக்கு மனசு ஆவல. எவ்ளோ தோண்டுனாலும் போதாத மாரியே இருந்துச்சி. இத்தினிக்கூண்டு ஒடம்புமே. நாயி வந்து கிளறிட்டா இன்னா பண்றது? கடைக்குப் போயி கல்லுப்பு மூட்டையாவே தூக்கியாந்து உள்ள கொட்டுனேன், மேலயும் கொட்டுனேன். வூட்டுக்கு வந்தா தூக்கம் வரல. காலைல போயி இன்னொரு மூட்டையும் கொட்டுனேன். அப்பறந்தான் சோறு எறங்குச்சி."

உப்புப் போடுகிற வழக்கம் எனக்குத் தெரியாதா என்று கேட்டால், கேள்விப்பட்டதுதான். ஆனால் ஒரு பிடிக்கும் மூட்டைக்கும் வித்தியாசம் இல்லையா? மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற அளவுக்கு அந்த மனுஷன் பயந்துபோய் இருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"ஏய்யா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ மிச்சத்தயும் கேப்ப. அதெல்லாம் எனுக்கு வாயில வரலமே." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செடி காயறப்பல்லாம் பாப்பா எம் மேலதான் கோவமா கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அத குழிக்குள்ள வச்சது நான்தான?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே பாயில், குழந்தைக்கு என் மேல் கோபம் என்று நானும் தன் மேல் கோபம் என்று அவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருந்திருக்கிறோம். தெருவே பார்க்கிறது என்ற வெட்கம் கூட இல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தானையை விட்டதில் புழுவெல்லாம் வாசலில் கொட்டியது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லா வந்து சேந்தீங்க ரெண்டு பேரும். ஒருத்தன் மூட்ட உப்பக் கொட்டுவான், ஒருத்தி அதும் மேலயே செடி வச்சிட்டு வரல வரலன்னு அயுவா. நடுவுல எனுக்குத் திட்டு" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எங்களுக்கு. நான் அவர் காலைத் தொடப் போனேன். "போமே, மொதல்ல புழுவப் பொறுக்கு, கோயி கொத்திடப் போவுது" என்று துரத்திவிட்டார்.

மத்தியானம் வேளாண்மை ஆபீஸ் மேடத்துக்குப் போன் செய்தேன். ஓர் இடத்தில் மண் உப்பாகிவிட்டது, மல்லி வைக்க வேண்டும், என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டேன். சின்ன இடம்தானே, அந்த மண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டு வேறு மண் போடுங்கள் என்றார் அவர்.

"தோண்ட முடியாது மேடம்."

"ஏம்மா? பாறையா?"

சொன்னேன். பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"தோண்ட வேணாம்மா. மண்வெட்டியே படவேணாம். மேல கட்டிக்கலாம்."

என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். முதலில் நல்ல தண்ணீராக நிறைய ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேண்டும். அதற்கு மேல் மண்புழு உரமும் நல்ல மண்ணும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, மேட்டில் செடி வைக்க வேண்டும். உப்பை உரம் எடுத்துவிடாது, ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேர் அதில் தாக்குப்பிடித்துக்கொள்ளும். மேலே வைக்கோல் போட்டு மூட வேண்டும், காய விட்டால் உப்பு மறுபடி மேலே ஏறி வந்துவிடும். இப்போதைக்குப் புழுவை விடாதீர்கள் என்று சொல்லும்போது மட்டும் அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

உப்பு கீழே இறங்கட்டும் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் எதற்காக அதைப் போட்டாரோ, அந்த வேலையை அது அங்கேயே இருந்து பார்க்கட்டும்.

குழுவில் சொன்னதும் அவரவர் பங்கு உரத்தை ஆளுக்கு ஒரு கூடையாகக் கொண்டுவந்து விட்டார்கள். கருவாட்டுக் குழம்புக்காரி இரண்டு கூடை கொண்டுவந்தாள். அதுவரைக்கும் அந்த மூலைக்கு வராத என் மாமியார் அன்றைக்கு எங்களோடு வந்தார். பெண்கள் போகக் கூடாத இடம் என்று யாருமே வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கையாலேயே உரத்தை வாரி வாரி மேடு கட்டினோம். மாமியார் மேட்டைத் தட்டிக்கொடுத்தார், தூளியில் குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் தினமும் சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் பம்புசெட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கி வருவார். டீக்கடையில் கிண்டல் செய்தார்கள், ஆம்பளை குடம் தூக்குகிறான் என்று. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் கொண்டு வருவார், நான் வாங்கி ஊற்றுவேன். அப்படி ஒரு சாயந்திரம், குடத்தை என்னிடம் கொடுக்கும்போது நான் கேட்காமலேயே சொன்னார்.

"முடி நெறய இருந்துச்சி. காது வரைக்கும்."

குடத்தை வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். அடுத்த நாள் ஒன்று சொன்னார். "மூக்கு உன்ன மாரிதான். கொஞ்சம் சப்ப." சில நாள் ஒன்றும் சொல்ல மாட்டார், சும்மா தண்ணீரோடு போய்விடும். சில நாள் பாதி சொல்லி, முடியாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நிறம் என் நிறமாம். இடது புருவத்தின் பக்கத்தில் சின்னதாக ஒரு மச்சமாம். கொட்டாவி விட்டதாம், அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு! இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக என் குழந்தையின் முகம் எனக்கு வந்து சேர்ந்தது.

மல்லி உடனே துளிர்த்துவிட்டது என்று சொன்னால் பொய். முதலில் வந்த இலை ஓரம் பழுத்தது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஐப்பசி மழை நல்ல மழையாகப் பெய்தது. அதற்குப் பிறகு வந்த துளிரில் பழுப்பே இல்லை. பங்குனி வெயிலில் மறுபடி கொஞ்சம் கருகியது. உரத்தையும் வைக்கோலையும் இன்னும் கூட்டினோம், தாண்டிவிட்டது. சித்திரை கடைசியில் மொட்டு வைத்தது.

மொட்டைப் பார்த்த அன்றைக்கு இரண்டு பேரும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத்தான் அவர் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நர்ஸம்மா என்ன ஒருவாட்டி உள்ள வுட்டாங்க. கைய இறுக்கி மூடிக்கினு இருந்துச்சி. நான் வெரல வச்சேன். புடிச்சிக்கிச்சிமே. எட்த்துட்டு வரவே மனசு இல்ல. கெட்டியா புடிச்சிக்கிச்சி."

இப்போது அந்தச் செடி என் இடுப்பு உயரம் இருக்கிறது. உப்பு முழுசாக எங்கேயும் போய்விடவில்லை, வெயில் காலத்தில் நாலு நாள் அசந்தால் இலை ஓரத்தில் தன்னைக் காட்டிவிடும், உடனே நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆனால் என் மகள் யாரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, இருந்த கொஞ்ச நேரத்தில் ஒரு விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது தெரிந்த பிறகு, அந்த மூலைக்குப் போகும்போது நான் மன்னிப்புக் கேட்பதில்லை, அவளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன்.